ஒரு பல், பல நீளங்கள்: காரை முதல் மெகலோடன் வரை



சில ஆண்டுகளுக்கு முன்பு சுங்கை பஞ்சாங் பக்கத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் ‘சான்றுகளும் மூலங்களும்’. புதைபடிவம் என்ற சொல் வந்ததுமே பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். “சார், மெகலோடன் சுறா இன்னும் கடலுக்கு அடியில உயிரோட இருக்காமே, வீடியோவுல பார்த்தேன்.” அதுவரை தூங்கி வழிந்த வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை விடக்கூடாது என்று, “சரி, ஆளுக்கு ஒரு பக்கம் தேடி எழுதிட்டு வாங்க” என்றேன்.

ஒரு மாணவி மெகலோடனின் நீளம் என்ற இடத்தில் மூன்று எண்களை எழுதியிருந்தாள்: 13 மீட்டர், 16 மீட்டர், 30 மீட்டர். பக்கத்தில், “ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொண்ணு இருக்கு சார்” என்று பென்சிலில் குறிப்பு. நான் சிவப்பு மையால் கோடு கிழித்து, ‘ஒரு விடை மட்டும் எழுதவும்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் 13-ஐயும் 30-ஐயும் அடித்துவிட்டு 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டாள். ஏன் 16 என்று நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை.

முதலில் நம் காலடி மண்ணிலிருந்து தொடங்குவோம். சுங்கை பஞ்சாங், சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங், கோலசிலாங்கூர் எல்லாமே தட்டையான கரையோரச் சமவெளி. தோட்டத்தில் பாரிட் வெட்டும்போது சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு களிமண் வருமே, அது கடல் களிமண். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது; பிறகு மெல்லப் பின்வாங்கிய கடல் விட்டுப்போன சேறு இது. அதில் கிளிஞ்சல் கிடைத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ராட்சத சுறாவைத் தேட இந்த மண் ரொம்பவும் இளசு. அதற்கு மில்லியன் கணக்கில் பின்னால் போகவேண்டும். அப்படிப்பட்ட மண் நமக்கு அந்நியமான இடத்திலும் இல்லை. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கப்பலேறி வந்த பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவில்தான் இருக்கிறது.

காரை என்று ஒரு சிற்றூர். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் சேர்ந்தது. அதன் அருகே புல்கூட ஒழுங்காக முளைக்காத, மழை நீர் அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்த செம்மண், சாம்பல் மண் மேடுகள் கிடக்கின்றன. நடந்தால் காலடியில் ஜிப்சம் தகடுகள் பளபளக்கும். துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவில் பெலம்னைட் கற்கள் உதிர்ந்து கிடக்கும். கடல் இன்று அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் சுமார் 100 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அதுதான் கடலடி. அப்போது இந்திய நிலம் ஆசியாவோடு ஒட்டவே இல்லை. தென் அரைக்கோளத்தில், கோண்ட்வானா என்ற பெருநிலத்திலிருந்து பிரிந்துவந்த துண்டாக நின்றது. அதன் தென்கிழக்கு விளிம்பில் ஏறிய கடல்தான் காரை, ஊட்டத்தூர், அரியலூர் பாறைகளை எழுதிவைத்துப் போனது. அரியலூர் சிமெண்டுக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடலின் மிச்சம்தான்.

இதை முதலில் ஏட்டில் ஏற்றியவர்கள் சென்னை அரசாங்கத்தில் வேலை பார்த்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். 1840-களில் அவர்கள் பாண்டிச்சேரி, திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் பொறுக்கிய கற்கள் லண்டனுக்குப் போயின. அவற்றில் இருந்த மீன் எச்சங்களைப் பற்றி ஃபிலிப் எகர்டன் 1845-ல் எழுதினார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த நிலப்பகுதியை நடந்தே அளந்து 1862-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அவருக்குப் பின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா தென்னிந்தியக் கடல் உயிர்களின் படிவங்களை ஒவ்வொன்றாக வரைந்து விவரித்துப் பெரிய தொகுதிகளாக்கினார். மூன்று பேர் நான்கு பேர் பெயர் கிடைக்கிறது. வெயிலில் குனிந்து உண்மையில் பொறுக்கிய கைகள் யாருடையவை என்று ஒரு வரலாற்று மாணவன் கேட்கலாம்; கேட்கவேண்டும். அதே ஜில்லாவிலிருந்துதான் அதே நூற்றாண்டில் நம் ஆட்கள் நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறினார்கள்.

இப்போது சுறாவுக்கு வருவோம். ஏன் எப்போது பார்த்தாலும் சுறாவின் பல்லைப் பற்றியே பேச்சு? சுறாவின் உடம்பில் கெட்டி எலும்பு கிடையாது; எல்லாம் குருத்தெலும்பு. நம் காது மடலைத் தொட்டுப் பாருங்கள், அந்த மாதிரி. செத்தால் அழுகிக் கரைந்துவிடும். பல் மட்டும் கெட்டி. போதாததற்கு, சுறாவுக்குப் பல் விழுந்து முளைப்பது வாழ்நாள் முழுக்க நடக்கும். வரிசையாகப் பின்னாலிருந்து புதுப் பல் முன்னால் நகர்ந்துவரும். ஒரு சுறா தன் ஆயுளில் ஆயிரக்கணக்கில் பல் உதிர்க்கும். ஆக, கடலடிச் சேற்றில் சுறாப் பல் ஏராளம், சுறா உடம்பு அபூர்வம். நமக்கு வரும் சான்று எப்போதும் ஒருபக்கச் சான்று. தேர்வில் ‘மூலங்களின் வரையறைகள்’ என்று கேட்டால் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தப் பல் பல் என்று தெரியவே மனிதனுக்கு வெகுகாலம் ஆனது. ஐரோப்பாவில் முக்கோண வடிவில் கிடைத்த இந்தக் கற்களை ‘நாக்குக் கல்’ என்றார்கள். மால்டா தீவில் பாம்பின் நாக்கு கல்லானது என்று நம்பி, விஷ முறிவுக்குத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள். (சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமம் பல சமயம் அம்மோனைட் என்ற கடலுயிரின் படிவம்தான். கல்லைப் பார்த்தவுடன் மனிதனுக்குக் கதை வந்துவிடும்.) இத்தாலியில் ஃபாபியோ கொலோன்னா என்பவர் இவை சுறாப் பற்கள் என்று 1616-லேயே வாதாடினார். 1666-ல் லிவோர்னோ அருகே மீனவர்கள் ஒரு பெரிய சுறாவைப் பிடித்தபோது, அதன் தலையை ஃபுளோரன்ஸில் இருந்த நீல்ஸ் ஸ்டெனோ என்ற டென்மார்க்கு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் அறுத்துப் பார்த்தார். வாயில் இருந்ததும் நாக்குக் கல்லும் ஒன்று போலவே இருந்தன. மறு ஆண்டே அதை எழுதி வெளியிட்டார். அத்தோடு விடவில்லை: கடல் பிராணியின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் போனது என்று யோசித்தார். அந்த யோசனையிலிருந்துதான் ‘கீழ் அடுக்கு முந்தையது, மேல் அடுக்கு பிந்தையது’ என்ற விதி 1669-ல் வந்தது. தொல்பொருள் அகழாய்வு பற்றிப் படிக்கும்போது மனப்பாடம் செய்கிறோமே, அந்த அடுக்கு விதிதான்.

காரைக்குத் திரும்புவோம். 2011-ல் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா, ஜான் ஃப்ளின் ஆகியோர் காரைப் பாறைகளில் கிடைத்த முதுகெலும்பிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் பல வகைச் சுறாக்கள் இருந்தன. இரண்டு உலகுக்கே புதியவை. ஒன்றுக்குக் கிளாடியோசெராட்டஸ் மேக்னஸ் என்று பெயர். மற்றது டுவார்டியஸ் சுட்இண்டிகஸ். பின்பாதியைக் கவனியுங்கள்: ‘தென்னிந்தியாவின்’ என்று பொருள். திருச்சி ஜில்லா மண்ணின் பெயர் ஒரு சுறாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இந்த டுவார்டியஸ் எதற்கு முக்கியம் என்றால், அது கார்டபியோடான்டிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. டைனோசர் காலத்துக் கடலில் பெரிய உடம்போடு திரிந்த சுறாக் குடும்பம். இந்தக் குடும்பத்தின் அளவு பற்றி அண்மையில்தான் தெளிவான சான்று வந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் கடற்கரையில் கிடைத்த சில முதுகெலும்பு வில்லைகளை ஆராய்ந்தவர்கள், சுமார் 115 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வகைச் சுறா 6 முதல் 8 மீட்டர் வரை வளர்ந்திருந்தது என்று 2025-ல் எழுதினார்கள். இன்றைய பெரிய வெள்ளைச் சுறா 6 மீட்டரைத் தொட்டாலே செய்தியாகிவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை: டார்வின் சுறா 8 மீட்டர் என்பதால் காரைச் சுறாவும் 8 மீட்டர் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே குடும்பம் என்பது வேறு, ஒரே அளவு என்பது வேறு. அண்ணன் ஆறடி என்றால் தம்பியும் ஆறடியா?

காரையில் கிடைத்த இன்னொரு வகை டைக்கோடஸ். இதன் பல் கூர்மையானது அல்ல. மேலே வரிவரியாக, அம்மிக்கல் பொளிந்ததுபோல இருக்கும். ஓட்டுக்குள் ஒளியும் பிராணிகளை நசுக்கித் தின்ற பல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பல்லை மட்டும் வைத்துக்கொண்டு, இது சுறாவா திருக்கையா, எப்படி இருந்திருக்கும் என்று யூகித்துக்கொண்டிருந்தார்கள். கடலடியில் சோம்பேறியாகப் படுத்துக் கிடந்து சிப்பி தின்றிருக்கும் என்பது பலர் எண்ணம். 2024-ல் மெக்சிகோவின் வய்யெசில்யோ என்ற இடத்தில் கிடைத்த முழு உடல் படிவங்கள் வெளியாகின. பார்த்தால் விரைந்து நீந்தும் ஒல்லியான கடற்சுறா! வெள்ளைச் சுறாவின் வரிசையில் வருவது. பெரிய வகைகள் ஏறக்குறைய 10 மீட்டர் வரை வளர்ந்திருக்கலாம் என்கிறார்கள். நீந்தித் திரிந்த ஆமைகளையும் அம்மோனைட்டுகளையும் துரத்தித் தின்றிருக்கலாம். அம்மோனைட் காரை, அரியலூர் பாறைகளில் கொட்டிக் கிடக்கிறது.

அந்த அம்மோனைட் செய்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் பெரம்பலூர் குன்னம் பகுதியில் குளம் தோண்டும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று ஊரெல்லாம் பரவி, கூட்டம் கூடி, படம் எடுத்து, மலேசியாவில் நம் கைப்பேசி வரைக்கும் வந்து சேர்ந்தது. நிலவியலாளர்கள் வந்து பார்த்தார்கள். அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய கற்கள் அவை. முட்டை இல்லை என்ற செய்தி நம் கைப்பேசிக்கு வந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி மெகலோடன். இது டைனோசர் காலத்தது அல்ல. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். காரைச் சுறாக்கள் 100 மில்லியன் ஆண்டு பழையவை. டைனோசர்கள் 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் போய்விட்டன. மெகலோடன் வந்தது அதற்கு மிகமிகப் பின்னால், சுமார் 3.6 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. அதன் பல் இந்தியாவிலும், ஒடிசா மாநிலத்தின் பாரிபடா அருகே கிடைத்திருக்கிறது. பெரிய பல் ஒன்று 17, 18 சென்டிமீட்டர் வரும். ஒரு வளர்ந்த ஆளின் உள்ளங்கை நிரம்பி வழியும்.

“இன்னும் உயிரோடு இருக்கு” என்ற கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1870-களில் சேலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் பசிபிக் ஆழ்கடலிலிருந்து மெகலோடன் பற்களை அள்ளிவந்தது. அவற்றின்மேல் மாங்கனீசு படலம் படிந்திருந்தது. 1959-ல் ஒருவர் அந்தப் படலத்தின் தடிப்பை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு பல் 24,000 ஆண்டு, இன்னொன்று 11,000 ஆண்டுதான் பழையது என்றார். அப்படியானால் நேற்றுவரை இருந்ததுபோலத்தானே! ஆனால் மாங்கனீசு எங்கும் ஒரே வேகத்தில் படிவதில்லை. அளவு சரி, அளவுகோல் தப்பு. அந்தக் கணக்கு இன்று ஏற்கப்படுவதில்லை. 2013-ல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடிகர்களை விஞ்ஞானிகளாகப் பேசவைத்து, மெகலோடன் உயிரோடிருக்கிறது என்று படமே காட்டியது. என் மாணவன் பார்த்தது அதன் பேரப்பிள்ளையாக இருக்கும்.

நீளத்துக்கு வருவோம், அந்த மூன்று எண்களுக்கு. 30 மீட்டர் எங்கிருந்து வந்தது? 1909-ல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பஷ்ஃபோர்டு டீன் ஒரு மெகலோடன் தாடையைக் கட்டினார். அதன் வாய்க்குள் ஆறு பேர் உட்கார்ந்து எடுத்த படத்தைப் பல புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். முன்வாயில் இருக்கவேண்டிய பெரிய பல்லின் அளவையே பக்கவாட்டிலும் வைத்துக் கட்டியதால் தாடை ஊதிப் பெருத்துவிட்டது. 13 மீட்டர், 1973-ல் ஜான் ராண்டல் வெள்ளைச் சுறாவின் பல் உயரத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது. 16 மீட்டர், பின்னால் வந்த வேறு கணக்குகள் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம். ஆக என் மாணவி எழுதிய மூன்றும் எங்கோ ஒருவர் ஒரு முறையில் போட்ட கணக்கு. ஒன்றும் அவள் கற்பனை இல்லை.

இதைவிடச் சுவாரசியமானது கலிபோர்னியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. ஆசிரியர்கள் இதை நின்று படிக்கவேண்டும். ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய விக்டர் பெரெஸ் என்ற ஆய்வாளர் அங்கே ஒரு பாடப் பயிற்சி நடத்தினார். ஒரே மெகலோடனின் பற்களை முப்பரிமாண அச்சில் நகல் எடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பல்லின் உயரத்தை அளக்கவேண்டும், கொடுத்த சூத்திரத்தில் போடவேண்டும், சுறாவின் நீளம் வரும். எளிய கணக்கு. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே விடை வரவேண்டும். பிள்ளைகளுக்கு வந்ததோ 12 மீட்டரிலிருந்து 45 மீட்டர் வரை! ஒரே சுறாதான், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நீளம்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பெரெஸும் அதைத்தான் செய்தார். சூத்திரத்தை மாற்றிப் போட்டாயா, சென்டிமீட்டரா மில்லிமீட்டரா என்று மேசை மேசையாகப் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் அளந்ததும் சரி, பெருக்கியதும் சரி. தப்பு சூத்திரத்தில் இருந்தது. ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவந்த அந்தக் கணக்கு பல்லின் உயரத்தை நம்பியது. வாயின் பின்பக்கம் போகப்போக அது தாறுமாறாக வீங்கியது. ஒரே ஆள் ஒரே நாளில் ஒரு பல்லை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. ஒரு வகுப்பே ஒரே சுறாவை ஆளுக்கொரு பல்லாக அளந்ததால் வந்தது.

அப்புறம் தனியார் சேகரிப்பாளர் ஒருவர் கொடுத்த யோசனைப்படி உயரத்தை விட்டுவிட்டுப் பற்களின் அகலத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பல் எல்லாம் சேர்ந்த அகலம் தாடையின் அகலத்தைச் சொல்லும். தாடையின் அகலம் உடம்பைச் சொல்லும். அந்தப் புது முறை 2021-ல் வெளியானது. அதன்படி மிகப் பெரிய மெகலோடன் 20 மீட்டர் வரை போகலாம். கதை முடிந்ததா? இல்லை. 2025-ல் கென்ஷு ஷிமாடா குழுவினர் பல்லை ஓரம் வைத்துவிட்டு முதுகெலும்பைப் பிடித்தார்கள். பெல்ஜியத்தில் கிடைத்த ஒரு முதுகெலும்பு வரிசையும், டென்மார்க்கில் கிடைத்த 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள வில்லையும் அவர்களுக்கு அடிப்படை. வந்த விடை ஏறக்குறைய 24 மீட்டர், ஆனால் வெள்ளைச் சுறாபோலக் குண்டாக அல்ல, நீண்டு ஒல்லியாக. நாளை ஒரு முழு உடம்பு கிடைத்தால் டைக்கோடஸுக்கு நேர்ந்ததுபோல இதுவும் மாறலாம். எனவே மாணவர்களே, எங்கேயாவது மெகலோடனின் நீளத்தை எழுதவேண்டி வந்தால், எண்ணோடு யார், எந்த ஆண்டு, எதை வைத்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தேர்வுக்காக இன்னொன்று. நம் பாடத்திட்டத்தில் ‘வரலாற்றுக்கு முந்தைய காலம்’ என்பது எழுத்து தோன்றாத காலத்து மனிதர்களைப் பற்றியது. லெங்கோங் பள்ளத்தாக்கு அங்கே வரும். சுறா, டைனோசர் எதுவும் அந்த விடையில் வரக்கூடாது. ஆர்வக்கோளாறில் எழுதி மதிப்பெண்ணை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மலேசியாவில் சுறாப் படிவம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் ராட்சதம் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தினர் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பகாங் காட்டுப் பாறைகளில் தேடி, 2014-ல் நம் நாட்டின் முதல் டைனோசர் பல்லை அறிவித்தார்கள். அதன் நீளம் 23 மில்லிமீட்டர். அதே தேடலின் தொடர்ச்சியாகக் கிடைத்த மீன் எச்சங்களில் ஹைபோடான்ட் என்ற நன்னீர்ச் சுறாக்களின் குட்டிப் பற்களும் உண்டு. ஆற்றில் வாழ்ந்த சுறா! தாய்லாந்திலும் இதே வகைகள் கிடைப்பதால், அந்தக் காலத்தில் இரண்டு நிலங்களுக்கும் ஆற்று வழித் தொடர்பு இருந்திருக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

கலிபோர்னியாப் பயிற்சியை நம் வகுப்பிலும் செய்யலாம். முப்பரிமாண அச்சு வேண்டாம். சந்தையில் ஈக்கான் யூ விற்பவரிடம் சொல்லிவைத்தால் தாடையை வெட்டித் தருவார். மீன் எத்தனை நீளம் என்று மட்டும் வெட்டும் முன்பே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தாடையை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்துவிட்டு, முன்பல், பக்கப்பல், கடைசிப்பல் என்று பிரித்து ஆளுக்கொன்று கொடுங்கள். முன்பல்லின் உயரத்துக்கும் மீனின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைக் கரும்பலகையில் எழுதி, அதே விகிதத்தில் எல்லாரும் கணக்குப் போடட்டும். நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

போன வருடம் நான் இதைச் செய்தபோது மீன் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. விடைகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. கடைசிப்பல் வாங்கிய பையனுக்கு ஓரடிகூட வரவில்லை. “சார், நான் தப்பா அளந்துட்டேன்” என்று அழிக்க ரப்பரை எடுத்தான். அப்படியே விடச் சொன்னேன். பதினெட்டு விடைகளையும் கரும்பலகையில் வரிசையாக எழுதினோம். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை.